யானைக் கட்டுரைக்கு வினா எடுப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

கடலூர், புதுச்சேரிக் கல்லூரிகளில் ஆங்கில இலக்கியம் நடத்துகிற, வினாத்தாள் அமைக்கிற, விடைத்தாள் திருத்துகிற பேராசிரியர்களுக்கு வணக்கம்.

பர்மாவில் பிரிட்டிஷ் போலீஸ் அதிகாரியாக இருந்த ஆங்கில எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல் அங்கே யானையைச் சுட்டது பற்றிய 1936ஆம் ஆண்டுக் கட்டுரைக்கு வழக்கமாக வரும் கேள்வி ஒன்று உண்டு: 'மனசாட்சிக்கும் கடமைக்கும் இடையே ஆசிரியர் படும் போராட்டத்தை விளக்குக.' ஜெராக்ஸ் கடை நோட்ஸிலும் விடை தயாராக இருக்கிறது. கேள்வியே கோணல் என்கிறோம். யானையைச் சுடு என்று எந்தக் கடமை சொன்னது?

நடந்ததை வரிசையாகப் பாருங்கள். மதம் பிடித்த யானையைப் பார்க்கப் போகும் ஆர்வெல் முதலில் எடுத்துப்போவது .44 வின்செஸ்டர் துப்பாக்கி, யானையை வீழ்த்த அது போதாது, சத்தத்துக்கு உதவும் என்றுதான் எடுக்கிறார். யானை கொன்ற கூலியாளின் பிணத்தைக் கண்ட பிறகு பெரிய துப்பாக்கியும் ஐந்து தோட்டாக்களும் வருகின்றன, அதுவும் தற்காப்புக்கு. யானையோ அமைதியாகப் புல் மேய்கிறது. மதம் தணிகிறது, பாகன் வந்து பிடித்துப்போகும்வரை கண்காணித்தால் போதும் என்று அவருக்கே தெரிகிறது. அங்கே கடமையும் மனசாட்சியும் ஒரே பக்கம்தான் நிற்கின்றன. எதிர்ப்பக்கம் நிற்பது, பின்னால் திரண்ட இரண்டாயிரம் பேர் சிரித்துவிடுவார்களோ என்ற பயம். கட்டுரையின் கடைசி வரியில் அவரே அதை ஒப்புக்கொள்கிறார்.

கடமை கட்டுரைக்குள் நுழைவது யானை செத்த பிறகு. உரிமையாளர் அடக்கத் தவறிய மதயானையைக் கொல்ல வேண்டும் என்ற சட்டம் அப்போதுதான் நினைவுக்கு வருகிறது. கூலியாள் செத்தது நல்லதாயிற்று என்று மகிழ்வதாகவும் எழுதுகிறார், அது சட்டப்படி தன்னைக் காப்பாற்றியதால். நோட்ஸ் இந்த வாக்கியத்தைத் தாண்டிப் போய்விடுகிறது. செத்தவரை ஆர்வெல் 'திராவிடர்' என்கிறார். இளைய வெள்ளையர்கள் 'கொரிங்கி' என்கிறார்கள். கொரிங்கா கோதாவரி முகத்துவாரத்துப் பழைய துறைமுகம் என்பதால் செத்தவர் தெலுங்கராகவும் இருக்கலாம். நம் ஊர்க்காரர் என்று அவசரப்பட்டு உரிமை கொண்டாட வேண்டாம். ஆனால் பர்மாவிலிருந்து திரும்பியவர்களின் பேரப்பிள்ளைகள் உங்கள் வகுப்பிலேயே உட்கார்ந்திருக்கலாம். கூலியாளின் சாவுக்கு மகிழும் அந்த வரியை உரக்கப் படிக்காமல் விடாதீர்கள்.

உண்மையாகவே கடமையைப் பேச விரும்பினால், 1931இல் வந்த ஆர்வெலின் தூக்குத்தண்டனைக் கட்டுரையைச் சேர்த்து நடத்துங்கள். அங்கே உத்தரவு இருக்கிறது. கைதி ஒரு சேற்றுக்குட்டையை மிதிக்காமல் ஒதுங்கும்போது எழுதுபவரின் மனம் உறுத்துகிறது. கை எதையும் தடுக்கவில்லை. தலைமைச் சிறை அலுவலர் பிரான்சிஸும் திராவிடர்தான் என்பதைக் கவனிக்கச் சொல்லுங்கள்.

இரண்டுக்கும் மூன்று வகுப்பு நேரம் போதும். முதல் நேரத்தில் யானைக் கட்டுரையில் 'சுடக்கூடாது' என்று அவர் அறிந்த இடங்களைப் பென்சிலால் கோடிடட்டும். அடுத்ததில் கூட்டம் வரும் இடங்களை. மூன்றாவது நேரம் தூக்குக் கட்டுரைக்கு. யானைச் சம்பவம் அவர் எழுதியபடியே நடந்ததா என்பதில் வரலாற்றாசிரியர்களிடையே கருத்து ஒத்துப்போகவில்லை. இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் மாணவர்கள் விடைத்தாளில் வாக்குமூலமாக எழுதுவார்கள்.

வினாவை இப்படி மாற்றலாம்: 'சட்டம் கட்டுரையில் எந்த இடத்தில் வருகிறது? முன்பே வராதது ஏன்?' ஐந்து மதிப்பெண்ணில் மூன்றை வரிசையைச் சரியாகக் காட்டுவதற்கும், இரண்டைக் கூலியாளின் சாவு யாருக்கு என்ன பயன் தந்தது என்று எழுதுவதற்கும் ஒதுக்குங்கள்.