'நல்ல கண்டிஷன்' எதற்கு?

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிற்றுக்கிழமை வரி விளம்பரங்களில் 'வாகனம் விற்பனை' பகுதியைப் பாருங்கள். 'ஆக்டிவா, நல்ல கண்டிஷன், உடனே விற்பனைக்கு, விலை நேரில்.' காசு கொடுத்து இதையா போடுவது? எவர்தான் கண்டிஷன் மோசம் என்று எழுதி வண்டி விற்கிறார்? இன்னும் சில வார்த்தை சேர்த்து, 'ஆக்டிவா, 2017 மே பதிவு, மதுரை, சிங்கிள் ஓனர், 38,000 கி.மீ., இன்சூரன்ஸ் ஜனவரி வரை, எச்.பி. (வண்டிக் கடன்) இல்லை, ரூ.32,000' என்று போட்டால் வெட்டி அழைப்புகள் குறையும். வருகிறவர் வாங்குகிற ஆளாக இருப்பார்.

'மாடல்' என்று வருடம் மட்டும் போட்டால் போதாது. தயாரித்த மாதம் வேறு, பதிவான மாதம் வேறு. பைக்குக்கு ஆர்சி (பதிவுச் சான்று) ஆயுள் 15 வருடம், பதிவிலிருந்து கணக்கு. 2011இல் பதிவான வண்டியை 2026இல் ஆர்டிஓ ஆபீசில் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். அந்தச் செலவைக் கழித்துத்தான் விலை கேட்பார்கள்.

எச்.பி. விஷயத்தில் பலர் ஏமாறுகிறார்கள். தவணை முடிந்தாலே கடன் தீர்ந்தது என்று நினைப்பு. வங்கியின் என்ஓசியோடு (தடையில்லாச் சான்று) ஃபார்ம் 35 கொடுத்து நீக்கும்வரை ஆர்சியில் வங்கி பெயர் அப்படியே கிடக்கும். பெயர் மாற்றம் நகராது. விளம்பரம் கொடுக்கும் முன்பே அரசின் எம்பரிவாகன் செயலியில் பார்த்துக்கொள்வது நல்லது.

ஆன்லைனில் விற்பவர்கள் ஆர்சி படத்தையே ஏற்றிவிடுகிறார்கள். அதை எடுத்து, அதே வண்டி பாதி விலைக்கு என்று வேறொரு ஊரில் போலி விளம்பரம் முளைக்கும். 'ராணுவத்தில் இருக்கிறேன், மாற்றல் வந்துவிட்டது, பார்சலில் அனுப்புகிறேன்' என்ற பழைய பாட்டுத்தான். பணம் வாங்க யுபிஐ பின் வேண்டியதே இல்லை. கேட்டால் போனை வைத்துவிடுங்கள். பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அழையுங்கள்.

உண்மையான ஆபத்து வண்டியைக் கைமாற்றும்போதுதான். பெயர் மாற்றத்துக்கு ஃபார்ம் 29 இரண்டு பிரதி, ஃபார்ம் 30, சேஸிஸ் நம்பர் பென்சில் பிரிண்ட் வேண்டும். இதில் வாங்குபவர் பெயரை எழுதாமல் ஓப்பனாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது இங்கே சாதாரணம். அந்த ஃபார்மோடு வண்டி இரண்டு மூன்று கை மாறும். கடைசி ஆள் விபத்து செய்தாலும், இழப்பீட்டுக்கு ஆர்சியில் பெயர் உள்ளவரே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018இல் சொல்லிவிட்டது. ஒரே மாநிலத்துக்குள் விற்றவர் 14 நாளில் ஆர்டிஓவுக்குத் தெரிவிக்க வேண்டும். வண்டியை ஒப்படைத்ததற்கு எழுதும் டெலிவரி நோட்டில் தேதியோடு மணியும் எழுதுங்கள். அன்று மாலையே இ-சலான் வந்தால் யார் ஓட்டியது என்பதற்கு அதுதான் சாட்சி. ஆனால் அது பெயர் மாற்றத்துக்கு ஈடாகாது.

தங்கள் விளம்பரப் படிவத்தில் பதிவு மாதம், எத்தனையாவது ஓனர், இன்சூரன்ஸ் தேதி, எச்.பி. என நான்கு கட்டங்கள் அச்சிடலாமே. 'விலை நேரில்' என்பதற்கு மட்டும் இரட்டைக் கட்டணம் போட்டாலும் ஆட்சேபணை இல்லை.

- பழைய வாகன விற்பனையாளர், மதுரை