முழங்காலுக்கு ஏழு அங்குலம்

அன்புள்ள கண்ணுக்கு,

இங்கே நானும் அம்மாவும் நலம். தைக்கு வருவதாக நேற்று போனில் சொன்னாய். டிக்கெட் பற்றிக் கேட்டதும், "இருக்கறதுலயே கம்மியானதாப் பாத்துப் போட்டுக்கறேன்ப்பா" என்று முடித்துவிட்டாய். போனில் சொன்னால் பேச்சை மாற்றிவிடுவாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

போன முறை நீ வீடு வந்து சேர்ந்த அன்று பாதம் வீங்கிச் செருப்புக்குள் நுழையவில்லை. முட்டி இரண்டும் கன்றிப்போயிருந்தன. "முன்சீட்டுக்காரர் சாஞ்சுட்டாரு, பரவால்லம்மா" என்றாய். அம்மா அன்று ராத்திரி ஒத்தடம் கொடுத்துவிட்டு அடுக்களையில் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அதற்கு முந்தின வருடம் எங்களை அமெரிக்காவுக்கு அழைத்துப் போனாயே, எங்கள் இரண்டு பேருக்கும் அகலமான சீட் போட்டுவிட்டு நீ மட்டும் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டாய். பாதி ராத்திரியில் உன்னைப் பார்க்க வந்தேன். ஆறடி மூன்று அங்குல உடம்பை மடக்கி, ஒரு காலை நடைவழியில் நீட்டி, தண்ணீர் கொண்டு வருகிறவர்கள் தாண்டும்போதெல்லாம் அதை இழுத்துக்கொண்டு, தூங்கியும் தூங்காமலும் கிடந்தாய். நான் வந்தது உனக்குத் தெரியாது.

அது என் மனசை விட்டுப் போகாததற்கு ஒரு காரணம் உண்டு. உன்னிடம் இதுவரை சொன்னதில்லை.

நான் முப்பது வருடம் கரூரில் பஸ் பாடி கட்டியவன். அதிலும் பாதிக்கு மேல் சீட் மாட்டும் வேலை. தரையில் சாக்பீஸால் கோடு போட்டு, ஒரு சீட்டின் காலிலிருந்து அடுத்த சீட்டின் கால் வரை டேப் பிடிப்போம். கோடெல்லாம் போட்டு முடித்த பிறகு பஸ் முதலாளி வந்து, "இன்னும் ஒரு வரிசை ஏறுமா பாரப்பா" என்பார். ஏறும். கோட்டை அழித்துவிட்டு, வரிசைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் தள்ளினால் கடைசியில் ஒரு சீட்டுக்கு இடம் வந்துவிடும். கூலி கொடுப்பவர் சொன்னார், நான் செய்தேன். அப்படி நான் மாட்டிய பஸ் ஒன்றில் ஒரு முறை திருச்சிக்குப் போனேன். முன்னால் இருந்த பெரியவர், நல்ல உயரம், முட்டியை எந்தப் பக்கம் வைப்பது என்று தெரியாமல் குளித்தலை வரை நெளிந்துகொண்டே வந்தார். நான் போட்ட கோடு அது. இன்றைக்கும் உறுத்துகிறது.

விமானத்திலும் அதே கணக்குதான். முப்பது வரிசையில் வரிசைக்கு ஓர் அங்குலம் எடுத்தால் முப்பது அங்குலம் சேரும். கிட்டத்தட்ட ஒரு வரிசை. பத்து டிக்கெட். நாங்கள் டேப் பிடித்த அதே தூரத்தைத்தான் அங்கே சீட் பிட்ச் என்கிறார்கள். சீட் முதுகின் தடிமனும் அதில் அடக்கம் என்பதால், அந்த எண் முழுவதும் உன் காலுக்குக் கிடைக்காது. நீண்ட தூர விமானத்தில் சாதாரண வகுப்பில் பெரும்பாலும் 31, 32 அங்குலம். அதற்கு அடுத்த மேல் வகுப்பான பிரீமியம் எகானமியில் 38 அங்குலம் அளவில் வரும். 31ஐ எடுத்துக்கொண்டால் கூடுதலாக வரும் அந்த ஏழு அங்குலம்தான் உன் முட்டிக்கும் முன்சீட்டுக்கும் நடுவே நிற்கப்போவது.

அகலத்திலும் இதே கதைதான். போயிங் 777 வந்த புதிதில் சாதாரண வகுப்பில் பெரும்பாலும் வரிசைக்கு ஒன்பது பேர். இப்போது பல நிறுவனங்கள் அதே கூட்டுக்குள் பத்துப் பேரை உட்கார வைக்கின்றன. அதனால் சீட்டின் அகலம் 17 அங்குலம் அளவுக்கு வந்துவிட்டது. ஒன்பது சீட் போட்ட ஏர்பஸ் ஏ350 கிடைத்தால் ஓர் அங்குலம் கூடும். அதனால் டிக்கெட் விலையைப் பார்க்கிற நேரத்தில் எந்த விமானம் என்பதையும் பார்.

நீ இருக்கும் அமெரிக்காவில் 2018இல் ஒரு சட்டம் வந்தது. சீட்டுக்குக் குறைந்தபட்ச அளவு இவ்வளவு என்று ஒரு வருடத்துக்குள் விதி போட வேண்டும் என்று அதில் சொல்லியிருந்தார்கள். 2022இலும் மக்களிடம் கருத்துக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். அவர்கள் அளந்து முடிக்கும் வரை உன் கால் காத்திருக்க வேண்டாம்.

பயமுறுத்த எழுதவில்லை கண்ணு, ஆனால் இதையும் தெரிந்துகொள். உலக சுகாதார நிறுவனம் 2007இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. நாலு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்து பயணம் செய்தால், காலில் ரத்தம் உறையும் ஆபத்து ஏறக்குறைய இரட்டிப்பாகிறதாம். அப்படியும் ஆறாயிரம் பேரில் ஒருவருக்குத்தான். ஆனால் 190 சென்டிமீட்டருக்கு மேல் உயரமானவர்களுக்கு அந்த ஆபத்து இன்னும் கூடுதல் என்று அதிலேயே இருக்கிறது. உன் உயரம் அதைத் தாண்டுகிறது. அகல சீட்டில் உட்கார்ந்தாலும் எழுந்து நடக்கத்தான் வேண்டும். ஆனால் யாரையும் எழுப்பாமல் எழுந்துபோக இடம் இருந்தால்தான் நீ நடப்பாய். உன் சுபாவம் எனக்குத் தெரியாதா?

சரி, எதை வாங்குவது? சென்னைக்கும் வளைகுடாவுக்கும் நடுவே இருக்கும் நாலு மணி நேரத்துக்குச் செலவு செய்யாதே. அந்தப் பக்கம் இருக்கும் பதினைந்து, பதினாறு மணி நேரத்துக்குச் செய். பிரீமியம் எகானமி சாதா டிக்கெட்டைப் போல ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்குகூட ஆகும். கைக்கு எட்டாத விலை என்றால், கால் நீட்ட இடம் இருக்கிற சீட் மட்டுமாவது வாங்கு. அதற்குச் செலவு இதைவிடக் குறைவு. ஆனால் அதில் காலுக்குத்தான் இடம் கிடைக்கும், தோளுக்குக் கிடைக்காது. அவசர வழிக்குப் பக்கத்து வரிசை உனக்குச் சரிப்படும், ஏனென்றால் அவசரத்தில் உதவக்கூடியவர்களுக்குத்தான் அதைத் தருவார்கள். அங்கே சாப்பாட்டுப் பலகையைக் கைப்பிடிக்குள் மடித்து வைத்திருப்பார்கள். அதனால் சீட் இன்னும் கொஞ்சம் ஒடுங்கும். அந்த வழிக்கு முன்னால் இருக்கிற வரிசையை மட்டும் எடுத்துவிடாதே, பல விமானங்களில் அது சாயாது. தடுப்புச் சுவரை ஒட்டிய முதல் வரிசையில் குழந்தைத் தொட்டில் மாட்டுவார்கள். நீ தூங்க வேண்டும் என்றால் அதுவும் வேண்டாம்.

பணத்தைப் பற்றி. என் டெபாசிட் ஒன்று இந்த மாதம் முதிர்ந்துவிட்டது. வித்தியாசத் தொகையை உன் இங்கத்திய கணக்கில் போட்டுவிடுகிறேன். வேண்டாம் என்று சொல்லாதே. உன் காலேஜ் பீஸுக்காக ஓவர்டைம் பார்த்த நாட்களில், ஒரு வரிசை கூடுதலாக ஏற்றிக் கொடுத்த பஸ்களும் உண்டு. அந்தக் காசில் கொஞ்சம் உன் காலுக்குப் போகட்டும்.

டிக்கெட் போட்டதும் சீட் நம்பரை அனுப்பு. விமானத்தின் படத்தை எடுத்து வைத்துக்கொண்டு எந்த இடம் என்று பார்த்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
அப்பா
கரூர்