களத்தில் எங்களோடு உட்கார்ந்த ஐயாவுக்கும், தார்ப்பாய் தந்த எல்லோருக்கும்

கிறிஸ்துவுக்குள் அன்பான சபையாருக்குத் தோத்திரம். சுற்று வட்டாரத்து ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

கொள்முதல் தாமதமாகி, மழைக்குப் பயந்து நெல்லோடு களத்திலேயே காத்துக் கிடந்த அந்தப் பதினொரு நாள் எப்படிப் போனது என்று திரும்ப எழுத வேண்டியதில்லை. பொறையாறு, தரங்கம்பாடி, செம்பனார்கோயில் பக்கம் சம்பா நெல்லைக் களத்தில் கொட்டிவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்ற எல்லோருக்கும் அது தெரியும். கடைசி மூட்டை நேற்று முன்தினம் லாரி ஏறியது. தோளில் சாக்கு உரசிய தடம் மறைவதற்குள் நன்றி சொல்லிவிட வேண்டும் என்று எழுத உட்கார்ந்திருக்கிறோம்.

முதல் நன்றி உபதேசியார் ஐயாவுக்கு. அவர் எங்கள் சபைக்காரர் இல்லை. பக்கத்துக் கிராமம் ஒன்றில் உபதேசியாராக, அதாவது குருவுக்கு உதவியாகச் சபை ஊழியம் செய்கிறவராக இருந்து ஓய்வு பெற்றவர். பெயர் போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், போடவில்லை. யாரும் கூப்பிடாமல், மூன்றாம் நாள் சாயங்காலம் நான்கு மணிக்கு டிவிஎஸ் ஐம்பதில் வந்து இறங்கினார். அதற்குப் பிறகு ஒரு நாளும் தவறவில்லை. ஒரு கூஜாவில் சுக்குமல்லிக் காபி, துணிப்பையில் வெல்லம் போட்ட அவல், அட்டை கிழிந்த வேதாகமம், இவ்வளவுதான் கொண்டு வந்தார். பிரசங்கம் பண்ணவில்லை. விசுவாசம் இருந்தால் மழை நிற்கும் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அது ஒன்றுக்கே அவருக்குக் கடன்பட்டிருக்கிறோம்.

இருபது நிமிடம் உட்காருவார், போய்விடுவார். அந்த இருபது நிமிடத்தில் அவர் செய்ததை அப்படியே எழுதி வைக்கிறோம். குறுவை வரும்போது வேறு ஏதோ ஒரு களத்தில் யாருக்காவது இது வேண்டியிருக்கும்.

முதலில் காபியும் அவலும். அது முடியும்வரை வேதாகமத்தைத் திறக்க மாட்டார். ஏன் என்று கேட்டதற்கு 1 இராஜாக்கள் 19ஆம் அதிகாரத்தைக் காட்டினார். எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, செத்தால் போதும் என்று கேட்கிறார். வந்த தேவதூதன் புத்தி சொல்லவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் வைத்து எழுப்புகிறான். சாப்பிட்டுத் திரும்பப் படுத்தவரை மறுபடியும் தட்டி எழுப்பிச் சாப்பிடச் சொல்கிறான். ஓரேப் மலைக்கான நடை அதற்குப் பிறகுதான். களத்தில் காலையிலிருந்து வெறும் வயிற்றோடு நிற்கிறவர், நான்கு மணிக்கு வந்து நிற்கும் வியாபாரி கேட்ட விலைக்கே தலையாட்டிவிடுவார். வயிறு காய்ந்திருக்கும்போது எடுக்கிற முடிவை ஐயா ஜெபத்தோடு சேர்க்கவே விடமாட்டார்.

பிறகு ஒவ்வொருவரும் அன்றைய எரிச்சலை ஒரே வாக்கியத்தில் சொல்ல வேண்டும். நேற்றையது வேண்டாம், நாளைய பயமும் வேண்டாம். “ஆண்டவரே, என் கட்டைவிரல் ரேகை மிஷினில் விழவில்லை.” “ஆண்டவரே, சர்வர் இல்லை என்று மூன்றாம் தடவையும் திருப்பி அனுப்பினார்கள்.” “ஆண்டவரே, மும்முனைக் கரண்டு ராத்திரி இரண்டு மணிக்கு வந்து மூன்றுக்குப் போய்விட்டது.” அவ்வளவுதான். இரண்டாவது வாக்கியத்துக்குப் போனால் ஓர் ஆளின் பெயர் வந்துவிடும்; மூன்றாவதில் அது சண்டையாகிவிடும். அதனால்தான் ஒன்றோடு நிறுத்துகிறார். பக்கத்து ஆளைப் பார்த்துச் சொல்லாமல் ஆண்டவரைப் பார்த்துச் சொல்ல வைப்பதற்கும் காரணம் உண்டு. 13ஆம் சங்கீதத்தில் தாவீது முதல் இரண்டு வசனத்துக்குள் ‘எதுவரைக்கும்’ என்று நான்கு தடவை கேட்கிறார். மொத்தமே ஆறு வசனமுள்ள சங்கீதம் அது. முறையிடுவது அவிசுவாசம் என்று நினைத்து வாயை மூடிக்கொள்கிறவர்களுக்கு ஐயா இதைத்தான் முதலில் வாசித்துக் காட்டுவார். மனதுக்குள் அடக்கிய எரிச்சல் வீட்டுக்குப் போய்ப் பெண்டாட்டி பிள்ளைகள் மேல் விழும் என்பது அவர் சபை வேலையில் கண்ட அனுபவம்.

நான்கு மணி என்பதும் யோசித்து வைத்த நேரம். சூரியன் அஸ்தமிப்பதற்கு முன்னாக எரிச்சல் தணிய வேண்டும் என்று எபேசியர் 4:26 சொல்கிறது. மாசியில் இங்கே ஆறேகாலுக்குப் பொழுது சாய்கிறது. பனி இறங்கினால் காய்ந்த நெல் மறுபடி ஈரம் வாங்கும். ஐந்து மணிக்குக் குவிக்க ஆரம்பித்தால்தான் இருட்டுவதற்குள் மூடி முடிக்கலாம். வசனத்துக்கும் நெல்லுக்கும் பொருந்துகிற நேரம் நான்குதான்.

மூன்றாவதாக வேத வாசிப்பு. ஒரே பகுதி, நிதானமாக, ஒரே தடவை. அதை ‘நாலு பிரி’ என்று முறுக்குவார். வைக்கோல் பிரி திரித்தவர்களுக்கு அந்தச் சொல் உடனே பிடிபடும். இது அவர் கண்டுபிடித்தது இல்லை. 1535இல், ஜெர்மனியில் சபைச் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லுத்தர் தமக்குச் சவரம் செய்த பேத்தர் என்பவருக்கு எப்படி ஜெபிப்பது என்று ஒரு சின்னப் புத்தகம் எழுதினார். பத்துக் கட்டளைகளில் ஒவ்வொன்றையும் நான்கு இழையாக எடுத்து மாலை போல முறுக்கச் சொல்கிறார் அதில்: இது எனக்கு என்ன கற்பிக்கிறது, இதற்காக எதற்கு நன்றி சொல்வேன், இதில் எங்கே தவறினேன், இனி என்ன கேட்பேன். நல்ல சவரக்காரர் கத்தியின் மேலேயே கண் வைத்திருப்பதுபோல ஜெபத்திலும் மனம் ஒரு இடத்தில் நிற்க வேண்டும் என்றும் அவருக்கே எழுதியிருக்கிறார். வேலைக்காரர் ஒருவருக்காக எழுதிய முறை என்பதால்தானோ என்னவோ, களத்து மேட்டில் அது அப்படியே பொருந்தியது.

ஒரு பிரிக்கு இரண்டு நிமிடம். நீதிமொழிகள் 3:5, 6 எடுத்த நாளை உதாரணமாகச் சொல்கிறோம். ‘உன் சுயபுத்தியின்மேல் சாயாமல்’ என்பது முதல் பிரி. புத்தியைக் கழற்றி வைக்கச் சொல்லவில்லை, அதன்மேல் முழுப் பாரத்தையும் போட்டுச் சாயாதே என்கிறது. ஈரப்பதம் பார்க்கும் கருவியும் வேண்டும், மண்வெட்டியும் வேண்டும். இரண்டாம் பிரிக்கு அன்றைக்குக் களத்தில் கண்ணால் பார்த்த ஒரு நன்மையைச் சொல்ல வேண்டும். பொதுவாக “எல்லாவற்றுக்கும் நன்றி” என்றால் ஒத்துக்கொள்ள மாட்டார். அன்றைக்குக் கிடைத்த இரண்டு மணி நேர வெயிலைச் சொன்னார்கள். மூன்றாவது, வாய் தவறி லோடுமேனைத் திட்டியதை ஒப்புக்கொள்வது. நான்காவது, ஒரே ஒரு விண்ணப்பம்.

அதன் பிறகு இரண்டு நிமிடம் சத்தமில்லாமல் இருந்துவிட்டு ஒரு கேள்வி கேட்பார்: “இப்போ கைக்கு எட்டுற வேலை எது?” வழிநடத்துதல் என்றால் அவருக்கு இதுதான். 119ஆம் சங்கீதம் 105ஆம் வசனம் வேதத்தைக் காலுக்குத் தீபம் என்கிறது. ராத்திரி வரப்பில் டார்ச் அடித்து நடக்கிறவருக்கு மோட்டார் கொட்டகை வரை தெரியாது, அடுத்த மூன்றடி தெரியும். நடக்க அது போதும். அந்தக் கேள்விக்கு வந்த பதில்கள் எல்லாம் களத்து வேலையாகவே இருந்தன. அம்பாரத்தை, அதாவது நெல் குவியலைச் சுற்றி ஓர் அடி தள்ளி, அரை அடி ஆழத்தில் வாய்க்கால் வெட்டித் தாழ்ந்த பக்கம் திறந்துவிட வேண்டும். ஈர நெல்லை ஒட்டித் தார்ப்பாயைப் போர்த்தக் கூடாது. நெல் மூச்சு விடும். குவித்து வைத்தால் உள்ளே சூடேறும், அந்த ஆவி தார்ப்பாயின் அடியில் வேர்த்து நெல்மேலேயே சொட்டும். மூங்கிலை நட்டுக் கூரை மாதிரி தூக்கிக் கட்டி, இரண்டு முனையிலும் காற்றுப் போக விட வேண்டும். வெயில் தலைகாட்டினால் இரண்டு அங்குலத்துக்கு மேல் கனமாகப் பரப்பாமல் மணிக்கு ஒரு தடவை காலால் தள்ளிக் கிளற வேண்டும். ஈரப்பதம் கொள்முதலுக்கான 17 சதவீதத்துக்குள் வந்ததா என்று பார்க்க மேல் நெல்லை மட்டும் அள்ளினால் ஏமாந்து போவோம். நடுவிலும் அடியிலும் கைவிட்டு ஐந்து இடத்தில் எடுக்க வேண்டும். பிள்ளைகளும் சேர்ந்து செய்த வேலை இது.

எங்கே தப்பு நேரும் என்பதையும் ஐயா மறைக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு வேதாகமத்தை விரித்து விரல் பட்ட வசனத்தை அன்றைய உத்தரவாக எடுத்துக்கொள்ளும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. வருடப் பிறப்பில் எடுத்த, வசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டையை நெல் விலைக்குப் பொருத்திப் பார்ப்பதும் அதே ரகம். முன்னும் பின்னும் சேர்த்து அதிகாரம் முழுக்க வாசித்தால் அந்த வசனம் யாருக்கு, எதற்குச் சொல்லப்பட்டது என்று தெரிந்துவிடும்.

கிதியோன் ஆட்டுத் தோலைக் களத்தில் போட்டு, பனி அதன்மேல் மட்டும் இறங்குகிறதா என்று பார்த்தது போல அடையாளம் கேட்பது அடுத்தது. மூன்று மணிக்குள் வெயில் அடித்தால் வியாபாரிக்குக் கொடுக்க மாட்டேன் என்று ஒருவர் ஆண்டவரோடு பேரம் பேசினார். நியாயாதிபதிகள் 6ஐ முழுக்க வாசிக்க வைத்தார் ஐயா. என்ன செய்ய வேண்டும் என்று கிதியோனுக்கு முன்னமே சொல்லியாயிற்று. ‘நீர் சொன்னபடி’ என்று அவரே ஒப்புக்கொண்டுதான் தோலைப் போடுகிறார். பயந்தவரை ஆண்டவர் பொறுத்துக்கொண்ட இடம் அது. வழி தெரியாதவர்கள் அதை ஒரு முறையாக எடுத்துக்கொள்ளலாகாது.

எல்லாவற்றையும்விட அவர் கடுமையாகப் பேசியது, “கர்த்தர் எனக்கு உணர்த்தினார்” என்று சொல்லிப் பேச்சை முடித்துவிடுகிறவர்களிடம்தான். விற்பதா, வைத்திருப்பதா என்ற மாதிரி பெரிய முடிவென்றால் இரண்டு பேரைக் கேட்கச் சொல்வார்: கூட உட்கார்ந்து ஜெபிக்கிற ஒருவர், தொழில் தெரிந்த ஒருவர். இருவருக்கும் அந்த முடிவால் ஒரு பைசா லாபம் இருக்கக் கூடாது. ஆலோசனைக்காரர் அநேகர் இருந்தால் எண்ணங்கள் உறுதிப்படும் என்று நீதிமொழிகள் 15:22 சொல்கிறதே. தொழில் தெரிந்தவர் கிறிஸ்தவராக இருக்க வேண்டும் என்று அவர் சொல்லவில்லை.

ஏழாம் நாள் யாருக்கும் எதுவும் வாயில் வரவில்லை. அன்றைக்கு நாலு பிரியும் இல்லை, கேள்வியும் இல்லை. கர்த்தருடைய ஜெபத்தை ஒரு தடவை சொல்லிவிட்டுக் காபி டம்ளர்களை அவரே கழுவி வைத்துவிட்டுப் போனார். மனம் வறண்ட நாளில் புதிதாக எதையும் கறக்கப் பார்க்கக் கூடாது என்று அதைப் பார்த்துத் தெரிந்துகொண்டோம்.

பொறையாறு, தரங்கம்பாடி மண்ணில் இருந்துகொண்டு சீகன்பால்குவை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1706இல் வந்திறங்கிய ஜெர்மன் மிஷனரி அவர். கோட்டையில் நான்கு மாதம் அடைபட்டுக் கிடந்தவர். ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து தமிழ் அச்செழுத்துகள் கப்பலில் வந்து சேர்ந்தபோது அவை பெரிதாக இருந்தன. அந்த அளவில் புதிய ஏற்பாட்டை அச்சடிக்க இருக்கிற காகிதம் போதாது. சின்ன எழுத்துகளை இங்கேயே வார்த்தார்கள். 1715இல் புதிய ஏற்பாடு முழுவதும் தமிழில் அச்சாகி முடிந்தது. காகிதம் போதாத கஷ்டத்தில், கைக்கு எட்டின வேலை எழுத்தைச் சிறிதாக வார்ப்பதாக இருந்திருக்கிறது. ஐயா கையில் இருந்த அந்தக் கிழிந்த அட்டைப் புத்தகத்தைப் பார்க்கும்போதெல்லாம் இது ஞாபகம் வந்தது.

மற்றவர்களையும் பெயர் சொல்லாமல் ஒன்றாகவே சொல்கிறோம், மன்னிக்க வேண்டும். 1529இல் லுத்தர் எழுதிய சிறிய ஞானோபதேசத்தைத் திடப்படுத்தல் வகுப்பில் மனப்பாடம் செய்தோமே, அதில் கர்த்தருடைய ஜெபத்தில் வரும் ‘அன்றன்றுள்ள அப்பம்’ என்பதற்கு என்னென்ன அடங்கும் என்று ஒரு பெரிய பட்டியல் வரும். வயல், மாடு, நல்ல பருவநிலை, கடைசிப் பக்கமாக நல்ல அயலகத்தார். பரீட்சைக்காக ஒப்பித்த வரி அது. கோயில் களத்தை எங்களுக்கு ஒழித்துக் கொடுத்த நாட்டாமைக்காரர்கள், ராத்திரி பத்து மணிக்குச் சோறு கொண்டு வந்த பள்ளிவாசல் தெருப் பையன்கள், தார்ப்பாயும் சவுக்குக் கம்பும் கொடுத்தவர்கள், கூலியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று மூட்டை தூக்கிய லோடுமேன்கள், கடனுக்கு டீ கொடுத்த கடைக்காரர், ஈரப்பதக் கருவியோடு களம் களமாக வந்த தம்பி, ராத்திரி காவலுக்குப் படுத்த வாலிபர் சங்கத்துப் பிள்ளைகள், எல்லோருக்கும் நன்றி. இத்தனை பேர் எங்கள் ஜெபத்துக்குள் இருந்தீர்கள் என்பது எங்களுக்கே இப்போதுதான் விளங்குகிறது.

ஐயாவுக்கு ஒரு வார்த்தை கொடுத்திருக்கிறோம்; எல்லோர் முன்பாகவும் அதைச் சொல்கிறோம். வருகிற குறுவை அறுப்பில் இந்தச் சுற்று வட்டாரத்தில் எந்தக் களத்தில் நெல் தேங்கினாலும், எந்த மதத்துக்காரர் களமானாலும், நான்கு மணிக்கு ஒரு கூஜா காபியோடு எங்களில் இரண்டு பேர் வருவோம். கேட்டால் ஜெபிப்போம். கேட்காவிட்டால் காபி கொடுத்துவிட்டு வாய்க்கால் வெட்டுவோம். இருபது நிமிடத்துக்கு மேல் உட்கார மாட்டோம்.

தார்ப்பாய்களை எல்லாம் சோப்புப் போட்டுக் கழுவி, இரண்டு நாள் வெயிலில் காயவைத்து, மடித்துச் சபை மண்டபத்தில் அடுக்கியிருக்கிறோம். மொத்தம் 23. மூலை வளையம் பிய்ந்த நான்குக்குப் புது வளையம் அடித்தாயிற்று. நீலத்தில் ஒன்று நடுவில் கிழிந்துவிட்டது. அதற்குப் பதில் புதிது வாங்கி வைத்திருக்கிறோம், அதன் சொந்தக்காரர் தயவுசெய்து கூச்சப்படாமல் வாங்கிக்கொள்ள வேண்டும். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் மண்டபம் திறந்திருக்கும். சவுக்குக் கம்புகள் வாசல் பக்கச் சுவரில் சாத்தி இருக்கின்றன.