பார்சலோடு ஒரு கடிதம்

அன்பு மகளுக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே எல்லாரும் சுகம். அம்மாவுக்கு முட்டிவலி தேவலை.

கடையை இந்த மாதத்தோடு காலி செய்கிறேன். பழைய டிவி, டெக் எல்லாம் எடைக்குப் போட்டாயிற்று. டிராயரில் இருந்த ஐசிக்களை, அந்தச் சின்னச் சிப்புகளைப் போட மட்டும் மனசு வரவில்லை. உனக்குப் பார்சல் அனுப்பியிருக்கிறேன். "எப்படிப்பா பிரிச்சு வச்சிருக்கீங்க, அனலாக் தனி, டிஜிட்டல் தனியா?" என்று போனில் கேட்டாய். சட்டென்று பதில் சொல்ல வரவில்லை. எந்தத் தேவைக்குப் பிரிக்கிறோமோ, அதற்குத் தக்கபடி வகையும் மாறும்.

நீங்கள் படித்தது, சிப்புக்குள் எத்தனை டிரான்சிஸ்டர், எத்தனை கேட் என்ற கணக்கு. எஸ்எஸ்ஐ, எம்எஸ்ஐ, எல்எஸ்ஐ, விஎல்எஸ்ஐ என்று சின்னதிலிருந்து மிகப் பெரியது வரை நாலு படி. நாலே நாலு நாண்ட் கேட் (ஆம்-இல்லை கணக்குப் போடும் சின்னச் சுற்று) உள்ள 7400 முதல் படி. 1971-இல் 2,300 டிரான்சிஸ்டரோடு வந்த இன்டெல் 4004 மூன்றாம் படி. நீ வேலை பார்க்கும் சிப்பில் கோடிக்கணக்கில் இருக்கும். ரிப்பேர் மேசையில் அந்தக் கணக்கு எனக்கு ஒருநாளும் தேவைப்படவில்லை.

நீல டப்பாவில் லீனியர் ஐசி, அதாவது நீ சொன்ன அனலாக்: டிபிஏ810, எல்ஏ4440, 741, 7805. உள்ளே போவது ஏற ஏற, வெளியே வருவதும் கூடவே ஏறும்; ஆம்ப்ளிஃபயர் வேலை. 7805 மட்டும் அதற்கு நேரெதிர்: உள்ளே 8 வோல்ட் கொடுத்தாலும் 12 கொடுத்தாலும் வெளியே 5-ல் நிற்கும். இருந்தாலும் அதுவும் லீனியர் கூட்டம்தான்.

ஆன், ஆஃப் என்று இரண்டே நிலையில் ஓடும் டிஜிட்டலை இரண்டாகப் பிரித்திருக்கிறேன். 74 வரிசைக்குச் சரியாக 5 வோல்ட் வேண்டும். 4000 வரிசை 3 முதல் 15 வரை தாங்கும், ஆனால் அது சிமாஸ், நிலைமின்சாரம் பட்டாலே கெட்டுப்போகும் வகை. கறுப்புப் பஞ்சில் குத்தி வைத்திருக்கிறேன், வெறும் கையால் பிடுங்காதே. நீ பிறக்கும் முன்னால் ஒரு கோயில் கொடைக்கு ரன்னிங் லைட் போர்டு செய்ய ஒத்துக்கொண்டேன். விளக்குகளை ஒவ்வொன்றாக ஏற்றிவிடும் 4017-களை வாங்கிவந்து, அழகாக இருக்கட்டும் என்று தெர்மோகோலில் குத்தி வைத்தேன். மாட்டிப் பார்த்தால் பாதி செத்துக் கிடந்தன. விற்றவரிடம் போய்ச் சண்டை போட்டேன். தெர்மோகோல் உரசினாலே நிலைமின்சாரம் வரும், அது டிரான்சிஸ்டரின் கேட் என்ற முனைக்கு அடியில் உள்ள மெல்லிய ஆக்சைடைத் துளைத்துவிடும் என்று பெரிய மெக்கானிக் ஒருவர் பிறகு சொன்னார். மறுநாளே போய் அந்தக் கடைக்காரரிடம் மன்னிப்புக் கேட்டேன்.

அந்த போர்டில் தாளம் போடுவது 555 என்ற டைமர் ஐசி. அதற்கு மட்டும் தனித் தீப்பெட்டி. உள்ளே வோல்டேஜை ஒப்பிட்டுப் பார்க்கும் கம்பேரட்டர் இரண்டு, இரண்டு நிலையில் ஏதாவது ஒன்றில் நிற்கும் ஃபிளிப்ஃபிளாப் ஒன்று. கெப்பாசிட்டர் மெல்ல நிரம்புவதைக் கம்பேரட்டர்கள் பார்த்துக்கொண்டே இருக்கும். சப்ளையில் மூன்றில் இரண்டு பங்கைத் தொட்டதும் ஃபிளிப்ஃபிளாப் புரளும், கெப்பாசிட்டர் வடியத் தொடங்கும். மூன்றில் ஒரு பங்குக்கு இறங்கியதும் திரும்பப் புரளும். ஏறி இறங்குவது அனலாக், புரள்வது டிஜிட்டல். இதை எந்த டப்பாவில் போட? ஹான்ஸ் கேமன்சிண்ட் வடிவமைத்து 1972-இல் விற்பனைக்கு வந்த சாமான், இன்றைக்கும் கடையில் கிடைக்கிறது. எனக்கு அதன்மேல் தனி மரியாதை.

பெரிதாக, பட்டையாக இருப்பவை எஸ்டிகே, ஸ்டீரியோ செட்டில் வருபவை. எரிந்துபோன ஒன்றை உடைத்துப் போட்டிருக்கிறேன், பார். அலுமினியத் தகட்டில் தடம் அச்சடித்து, சின்னச் சின்னச் சில்லுகளை அதில் பதித்திருப்பார்கள். இது ஹைபிரிட். மற்றதெல்லாம் மோனோலித்திக், நம் வார்த்தையில் ஒற்றைக்கல். சின்னதில் உன்னைக் கழுகுமலை வெட்டுவான் கோயிலுக்குக் கூட்டிப்போனேனே, அதில் ஒட்டிய கல் ஒன்றுகூட இல்லை, ஒரே பாறையைக் குடைந்தது என்று காட்டினேனே, அப்படி. 1958-இல் ஜாக் கில்பி ஜெர்மானியத் துண்டில் முதல் ஐசியைச் செய்தபோது இணைப்பெல்லாம் மேலே தொங்கிய தங்கக் கம்பிதான். அடுத்த வருஷம் ராபர்ட் நாய்ஸ் அந்தக் கம்பியையும் சிலிக்கான் மேலேயே படிய வைக்கும் வழியைச் சொன்னார்.

கடைசியாக, பேப்பரில் மடித்த ஒன்று இருக்கும். மூன்று கால்தான், பார்த்தால் டிரான்சிஸ்டர் மாதிரி இருக்கும். தப்பாக நினைத்துத் தூரப் போட்டுவிடாதே. யுஎம்66, பாட்டு ஐசி. ஸ்பீக்கருக்கு நேரே கொடுக்காமல் நடுவில் ஒரு டிரான்சிஸ்டர் போடு. இரண்டு பென்சில் செல் போதும். நம் பழைய வீட்டு வாசல் மணியிலிருந்து கழற்றியது.

அன்புடன்,
அப்பா