இரண்டு வாசகர்களுக்கு எழுதும் கையேடு

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து இரண்டு வாரங்கள் ஆகிவிட்டன, தாமதத்தைப் பொறுத்துக்கொள். சர்வர்களைப் பராமரிக்கும் வேலையை விட்டுவிட்டு அதையே மாணவர்களுக்குக் கற்பிக்கத் தொடங்கியிருக்கிறாய் என்ற செய்தி எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தந்தது. ஒரு கருவிக்குக் கையேடு எழுத இத்தனை மாதங்களா என்று கேட்டிருந்தாய். அதற்கான பதிலைத்தான் இந்தக் கடிதம் முழுவதும் எழுதப்போகிறேன்.

ஏஐ முகவர்கள், அதாவது சொன்ன வேலையைத் தாமே செய்து முடிக்கும் ஏஐ நிரல்கள், இணையப் பெயர்களை எண் முகவரிகளோடு இணைக்கும் டிஎன்எஸ் சேவை ஒன்றைத் தாமே இயக்குவதற்கான கருவி அது. 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம் வெளியிட்ட, ஏஐ செயலிகளை வெளிக் கருவிகளோடு இணைக்கும் எம்சிபி என்னும் நெறிமுறையைப் பின்பற்றி அதை அமைத்திருக்கிறோம். முகவரை இயக்கும் செயலி, என்னென்ன வசதிகள் இருக்கின்றன என்று முதலில் கேட்கும். ஒவ்வொன்றின் பெயரும், சில வரி விளக்கமும், தர வேண்டிய உள்ளீடுகளின் வரையறையும் ஜேசான் என்னும் தரவு வடிவில் பதிலாகச் செல்லும். பொதுவாக நம் நிரல் முகவரின் பார்வைக்கே வருவதில்லை. அந்தச் சில வரிகளைப் படித்துத்தான் எதை எப்போது அழைப்பது என்று அது முடிவு செய்கிறது. ஆகவே என் கையேட்டின் முதல் வாசகர் முகவர்தான். மனிதர் ஒருவருக்குக் கையேட்டில் ஒரு வாக்கியம் புரியாவிட்டால் நம்மிடம் கேட்பார்; முகவரோ பெரும்பாலும் தனக்குப் புரிந்தபடி செய்து முடித்துவிடுகிறது.

முதல் வரைவில் 'பெயர்' என்ற உள்ளீட்டுக்கு நான் எழுதிய விளக்கம், 'பதிவின் பெயர்' என்ற இரண்டு சொற்கள்தான். பதிவு என்பது ஒரு பெயருக்கு உரிய முகவரி போன்ற விவரத்தைச் சொல்லும் ஒரு வரி. சோதனையின்போது முகவர் முழு டொமைன் பெயரையும் தந்தது. எங்கள் சேவை அதன் பின்னால் டொமைனை மீண்டும் ஒட்டி, யாருக்கும் பயன்படாத ஒரு நீண்ட பெயரை உருவாக்கியது. பெயர் முழுமையானது என்று காட்டும் இறுதிப் புள்ளியை மறந்து நாம் இருவரும் எத்தனை முறை இதே தவற்றைச் செய்திருக்கிறோம் என்று எண்ணிப் பார். இப்போது அந்த இடத்தில், டொமைனை விட்டுவிட்டு முன்பகுதியை மட்டும் தர வேண்டும் என்பதையும், டொமைனுக்கே பதிவு வேண்டுமானால் எந்தக் குறியைத் தர வேண்டும் என்பதையும் எடுத்துக்காட்டோடு எழுதியிருக்கிறேன்.

என் மாதங்களை விழுங்கியது டிடிஎல், அதாவது ஒரு விடையை எவ்வளவு நேரம் நினைவில் வைத்திருக்கலாம் என்னும் கால அளவு. ஒரு பதிவின் டிடிஎல் 86400 விநாடி என்றால், பயனர்களுக்காக அதைக் கேட்டுப் பெற்ற ரிசால்வர் என்னும் இடைச் சர்வர் ஒரு நாள் முழுவதும் அதே விடையைச் சொல்லிக்கொண்டிருக்கலாம் என்பதை நான் உனக்கு விளக்க வேண்டியதில்லை. முகவர் ஒரு பதிவை மாற்றுகிறது. 'வெற்றி' என்று கருவி சொல்கிறது. சரிபார்ப்பதற்காக முகவர் ஒரு பொது ரிசால்வரைக் கேட்கிறது. பழைய முகவரியே விடையாக வருகிறது. மாற்றம் நடக்கவில்லை என்று கருதிய அது, சரியாக இருந்த பதிவை நீக்கிவிட்டுப் புதிதாக ஒன்றை உருவாக்க முற்பட்டதை நான் கண்ணால் பார்த்தேன். பிழை முகவருடையது என்று நான் நினைக்கவில்லை. 'வெற்றி' என்றால் பதிவுகளை வைத்திருக்கும் மூலச் சர்வரில் எழுதப்பட்டுவிட்டது என்று மட்டுமே பொருள் என்பதை நான் எங்குமே எழுதவில்லை. அதைவிட வருத்தம் தந்தது, 'எந்த மாற்றத்தையும் மீட்கலாம்' என்று நானே கையேட்டில் எழுதியிருந்ததுதான். மூலத்தில் மீட்கலாம், உலகெங்கும் ரிசால்வர்கள் எடுத்துச் சென்ற விடையை நம்மால் திரும்பப் பெற முடியாது. அந்த வரியை அடித்துவிட்டு, திட்டமிட்ட மாற்றத்துக்கு முன்னால் டிடிஎல்லை 300 விநாடியாகக் குறைத்து, பழைய கால அளவு கழியும்வரை காத்திருக்க வேண்டும் என்று எழுதினேன்.

இதன் மறுபக்கமும் உண்டு. இல்லாத பெயரைக் கேட்டால் 'இல்லை' என்னும் விடையையும் ரிசால்வர் நினைவில் வைத்துக்கொள்ளும். 1998ஆம் ஆண்டின் ஆர்எஃப்சி 2308 என்னும் இணையத் தர ஆவணம் இதை விவரிக்கிறது. பதிவை உருவாக்கும் முன் அது ஏற்கெனவே இருக்கிறதா என்று வெளியே கேட்பது முகவரின் நல்ல பழக்கம்தான் என்றாலும், அந்தக் கேள்வியே புதிய பதிவைச் சிறிது நேரம் மறைத்துவிடக்கூடும். எனவே, கருவி தரும் பதிவுகளின் பட்டியலிலேயே பார்த்துக்கொள்ளும்படி ஒரு வரி சேர்த்தேன். ஒவ்வோர் உரையாடலிலும் இந்த விளக்கங்கள் அனைத்தும் முகவரின் முன் வைக்கப்படுவதால், ஒரு வரி சேர்ப்பதற்கும் தயங்க வேண்டியிருக்கிறது.

இரண்டாவது வாசகர், முகவரின் கையில் சாவியை ஒப்படைக்கும் மனிதர். ஒரு செயல் படிக்க மட்டுமே செய்யும், மற்றொன்று அழிக்கக்கூடியது என்றெல்லாம் குறிப்பு வைக்க எம்சிபி இடம் தருகிறது. ஆனால் அவை குறிப்புகளே, எதையும் தடுக்கும் பூட்டுகள் ஆகா. ஆகவே அவருக்கான முதல் பக்கத்திலேயே, பார்வையிட மட்டும் உரிமையுள்ள டோக்கனோடு, அதாவது அனுமதிச் சாவியோடு, தொடங்கும்படியும், அஞ்சல் எந்தச் சர்வருக்குச் செல்ல வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் பதிவை நீக்கினால் மின்னஞ்சல் வரவு நின்றுபோகலாம் என்றும் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறேன். வெறும் உரையைத் தாங்கும் டெக்ஸ்ட் பதிவுகளில் யாரும் எதையும் எழுதி வைக்கலாம் அல்லவா? அதில் கட்டளை போன்ற ஒரு வாக்கியம் ஒளிந்திருந்தால் முகவர் அதற்குப் பணிந்துவிடும் அபாயம் இருக்கிறது. இதை எவ்வளவு விரிவாக எழுதுவது என்பதில் மட்டும் எனக்கு இன்னும் நிறைவில்லை.

நீக்கும் செயலுக்கான பக்கத்தை இத்துடன் அனுப்புகிறேன். டிஎன்எஸ் பற்றி இப்போதுதான் கற்கத் தொடங்கியிருக்கும் உன் மாணவர் ஒருவரிடம் அதைக் கொடுத்து, படித்து முடித்ததும் என்ன செய்யப்போகிறார் என்று கேள். அவர் சொல்வதைத் திருத்தாமல் அப்படியே எனக்கு எழுது.

உன் அன்பு நண்பன்