செவ்வாய்க்கிழமை மாதிரிகள்

அன்புள்ள மகளுக்கு,

ஏரி பச்சைப் பசேலென்று கிடக்கிறது, கழிவு எந்தக் குழாய் வழியாக வருகிறது என்று இன்னும் பிடிபடவில்லை என்றாய். போனில் அவசரமாக ஏதோ சொல்லிவிட்டேன். இப்போது நிதானமாக எழுதுகிறேன்.

குழாய் இருந்தால் உன் பாடு எளிது. அமெரிக்காவின் சியாட்டில் நகரை ஒட்டிய வாஷிங்டன் ஏரியில் கலந்த கழிவுநீரை 1963 முதல் 1968-க்குள் வேறு பக்கம் திருப்பிவிட்டார்கள். சில ஆண்டுகளில் ஏரி தெளிந்தது. உனக்கு அப்படி ஒரு குழாய் அகப்படவில்லை என்றால், படகை விட்டு இறங்கி மேட்டைப் பார்த்து நட. ஏரிக்குத் தண்ணீர் வடிந்து வரும் நிலத்தில்தான் காரணம் இருக்கும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் ஏமாந்தவன்தான். ஓர் ஓடையில் வாராவாரம் செவ்வாய்க்கிழமை தண்ணீர் மாதிரி எடுப்பேன். மழை கொட்டினால் போக மாட்டேன், வண்டி சேற்றில் மாட்டும். ஒரு வருஷம் கழித்து "ஓடை சுத்தம்" என்று அறிக்கையும் கொடுத்தேன். கீழே ஏரியில் பாசி ஆடை கட்டிக் கிடந்தது! பாசியை வளர்க்கும் மணிச்சத்து, அதாவது பாஸ்பரஸ், பெரும்பாலும் மண்துகளைப் பிடித்துக்கொண்டு வரும். உழுது திறந்து போட்ட நிலத்தில் நாலைந்து பெருமழை அடித்தால், வருஷம் முழுக்க வருவதில் பெரும்பங்கு அந்த நாட்களிலேயே இறங்கிவிடும். நான் வீட்டில் உட்கார்ந்திருந்த நாட்கள்.

தழைச்சத்தின், அதாவது நைட்ரஜனின், குணம் வேறு. நைட்ரேட்டாகக் கரைந்து சத்தமில்லாமல் நிலத்தடி நீரோடு போகும். ஓடைக்கு வந்து சேரப் பல வருஷம்கூட ஆகலாம். இன்று உரத்தைக் குறைத்தவரிடம் அடுத்த வருஷமே பலன் எங்கே என்று கேட்டுவிடாதே.

உரம் போட்டால்தான் கெடும் என்றும் இல்லை. அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் ஹப்பர்டு புரூக் என்ற காடு இருக்கிறது. 1965 கடைசியில் அங்கே ஒரு சிறிய நீர்ப்பிடிப்பில் (ஓர் ஓடைக்குத் தண்ணீர் வடியும் நிலப்பரப்பில்) இருந்த மரங்கள் அத்தனையையும் வெட்டி அப்படியே போட்டுவிட்டு, களைக்கொல்லி அடித்து மறுபடி முளைக்கவிடாமல் வைத்தார்கள். ஒரு பிடி உரம் போடவில்லை. ஆனாலும் ஓடையில் நைட்ரேட் பல மடங்கு ஏறிக் குடிநீர் வரம்பையே தாண்டியது. மக்கும் இலைதழை விட்ட சத்தை உறிஞ்ச வேர் இல்லை, அவ்வளவுதான். எனக்கு இதைவிடத் தெளிவான பாடம் கிடைத்ததில்லை.

அமெரிக்க, கனடா எல்லையில் உள்ள ஈரி ஏரியையும் படி. அதில் விழும் மௌமி ஆற்றின் பக்கம் முன்பு பெரிய சதுப்புநிலம் இருந்தது. 19-ஆம் நூற்றாண்டில் அதை வடித்து வயலாக்கினார்கள். மண்ணுக்கடியில் வடிகுழாய் புதைத்தார்கள். சத்தைத் தேக்கி வடிகட்டிக்கொண்டிருந்த இடம் போய், சத்தை வேகமாக அனுப்பும் இடம் வந்தது. 2014 ஆகஸ்டில் பாசி நஞ்சால், ஈரியில் இருந்து குடிநீர் எடுக்கும் டொலிடோ நகரில் நாலு லட்சம் பேருக்கு மேல் குழாய்த் தண்ணீரைக் குடிக்கக் கூடாது என்றார்கள். காய்ச்சினாலும் பயனில்லை, நஞ்சு இன்னும் செறியும். இதில் ஒரு வேடிக்கை: மண் அரிக்காமல் இருக்க உழவைக் குறைத்த வயல்களில், உரம் மேலாகவே தங்கிவிடுகிறது. அங்கிருந்து கரைந்த மணிச்சத்து வடிகுழாய்க்குள் இறங்குவதும் ஒரு காரணம் என்கிறார்கள். நல்லது செய்யப் போய்! ஆகவே யாராவது ஒரே மருந்து இருக்கிறது என்றால் சற்றுத் தள்ளியே நில்.

ஊர்ப்பக்கம் கதை சின்னது. சிமெண்டுத் தரையில் தண்ணீர் இறங்காது, கிடப்பதையெல்லாம் வழித்துக்கொண்டு ஓடைக்கு ஓடும்.

சரி, முதலில் ஏரியின் முழு நீர்ப்பிடிப்பு வரைபடத்தை எனக்கு அனுப்பு. வயல், காடு, வீடு எது எங்கே, ஓடைக்கரையில் எத்தனை இடத்தில் புல்லும் மரமும் மிச்சம் இருக்கிறது என்று குறித்து வை. அப்புறம் அடுத்த பெருமழைக்கு பாட்டில்களோடு தயாராக இரு. வெள்ளம் ஏறும்போதே எடுக்க ஆரம்பி, வடிந்த பிறகு போனால் பாதி போயிருக்கும். தனியாகப் போகாதே, கரை வழுக்கும். பாட்டிலில் நேரத்தை எழுது. நான் பலமுறை மறந்திருக்கிறேன்.

அப்பா