‘வந்தவில்லை’ என்று யாராவது எழுதுவோமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கடந்த ஞாயிறு இதழில் வாசகர் ஒருவர், நம் பிள்ளைகளின் ஆங்கிலம் கெட்டுப்போனதற்குக் கைப்பேசியையும் சொல்வளக் குறைவையும் காரணம் காட்டி எழுதியிருந்தார். தினமும் பத்துச் சொற்களை மனப்பாடம் செய்யச் சொல்கிறார். செய்யட்டும், நல்லதுதான். ஆனால் பினாங்கின் ஜோர்ஜ்டவுனில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் 31 ஆண்டுகள் கிராணியாக, அதாவது எழுத்தராக, இருந்து, ஊரார் கடிதங்களைத் தட்டச்சு செய்தும் திருத்தியும் கண் தேய்ந்தவள் நான். நம்மவர்கள் எழுதும் ஆங்கிலக் கடிதம் சொல் பஞ்சத்தால் விழுந்து நான் அதிகம் பார்த்ததில்லை. வினைச்சொல்லில்தான் கால் இடறுகிறது.

போன மாதம் பக்கத்து வீட்டுப் பையன் வேலை விண்ணப்பக் கடிதத்தோடு வந்தான். பட்டதாரி. “ஆன்ட்டி, இதைக் கொஞ்சம் பார்த்துக் கொடுங்கள்” என்றான். அகராதியைப் புரட்டிப் பொறுக்கிய கனமான சொற்கள் முதல் பத்தியிலேயே வரிசை கட்டி நின்றன. இரண்டாம் பத்தியில், முன்பு அனுப்பிய விண்ணப்பத்துக்குப் பதில் வரவில்லை என்று சொல்ல வந்தவன், ‘ஐ டிட் நாட் ரிசீவ்ட்’ என்று எழுதியிருந்தான். நான் சிவப்புப் பேனாவை எடுக்கவில்லை. தாளின் ஓரத்தில் ‘வந்தவில்லை’ என்று தமிழில் எழுதிக் காட்டினேன். சிரித்துவிட்டான். “இப்படி யார் ஆன்ட்டி எழுதுவார்கள்?” “நீதான் எழுதியிருக்கிறாய்” என்றேன்.

‘வந்தது’ என்பதை மறுக்கும்போது நாம் காலம் காட்டும் எழுத்தைக் கழற்றிவிட்டு ‘வர’ என்று வெறுமையாக்கி, அதன் பின்னால் ‘இல்லை’யைச் சேர்க்கிறோம். மூன்று வயதுக் குழந்தைகூட ‘வந்தவில்லை’ என்று சொல்லாது. ஆங்கிலமும் ஏறக்குறைய இதைத்தான் செய்கிறது. ‘டிட்’ உள்ளே நுழைந்ததும் இறந்தகாலச் சுமையை அதுவே வாங்கிக்கொள்கிறது. பின்னால் வரும் வினை கைவீசி நடக்கலாம்: ‘டிட் நாட் ரிசீவ்’ போதும். கேள்வி கேட்டாலும் அப்படித்தான். ‘டஸ்’ வந்தாலும் அப்படித்தான், வினையில் இன்னொரு எஸ் எதற்கு? அந்தப் பையனுக்கு இது ஐந்து நிமிடத்தில் புரிந்துவிட்டது. பதினோரு ஆண்டுப் பள்ளிப் படிப்பில் ஒருவரும் இப்படிச் சொல்லித் தரவில்லையாம்.

மலேசியாவில் நாம் தமிழ், மலாய், ஆங்கிலம் என்று மூன்று மொழிகளுக்கு நடுவில் வாழ்கிறோம். அதில் மலாய் வினை காலத்துக்காக உருமாறுவதே இல்லை. ‘செமாலாம் சாயா மாக்கான்’ என்றால் நேற்றுச் சாப்பிட்டேன், ‘ஏசோக் சாயா மாக்கான்’ என்றால் நாளை சாப்பிடுவேன். நேற்றா நாளையா என்பதை அந்த ஒரு சொல்லே சொல்லிவிடும், அல்லது முடிந்ததைக் காட்டும் ‘சுடா’வும் இனி நடப்பதைக் காட்டும் ‘ஆக்கானும்’ சொல்லும். அழகான ஏற்பாடு, மலாயில் குறையொன்றுமில்லை. ஆனால் பள்ளியிலும் அலுவலகத்திலும் நாளெல்லாம் அந்த ஓட்டத்தில் பேசுகிறவர்கள், ஆங்கிலத்திலும் ஒரு ‘ஆல்ரெடி’யைக் கடைசியில் ஒட்டிவிட்டால் இறந்தகாலம் முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். கோப்பிக்கடையில் அது செல்லும். கடிதத்தில் செல்லாது.

லிட்டில் இந்தியாவில் பூக்கடை வைத்திருந்த ஒருவர், எங்களிடம் வருவதற்கு முன்பே கடை உரிமையாளருக்குத் தானே ஒரு கடிதம் எழுதிவிட்டார். மார்ச் மாத வாடகையை உங்கள் மகன் கையில் கொடுத்தேன் என்பது அவர் சொல்ல வந்தது. எழுதியது ‘ஐ பே’. ‘பெய்ட்’ என்று இருந்திருக்க வேண்டும். ரசீதும் கிடையாது. எதிர்த்தரப்பு பதில் கடிதம் அந்தச் சொல்லைத்தான் பிடித்துக்கொண்டது: கொடுத்துவிட்டதாக இவர் எங்கே சொல்லியிருக்கிறார்? விஷயத்தைத் தெளிவுபடுத்த மேலும் இரண்டு கடிதங்கள் போயின. அந்த இரண்டு கடிதங்களுக்கும் அவர் எங்களுக்குக் கட்டணம் கட்டினார். மலாயில் ‘பாயார்’ என்று எழுதியிருந்தால், தேதியை வைத்தே விஷயம் தீர்ந்திருக்கும்.

காதும் நம்மைக் கைவிடுகிறது. ஆங்கிலத்தில் ‘அனுப்பு’ என்பதற்கும் ‘அனுப்பினேன்’ என்பதற்கும் கடைசி எழுத்து ஒன்றுதான் வித்தியாசம். இரண்டையும் தமிழில் எழுதினால் ‘செண்ட்’தான். இந்தக் கடிதத்தில் நான் எதைச் சொல்கிறேன் என்று உங்களாலேயே கண்டுபிடிக்க முடியாது! காதில் ஒன்றாக ஒலிப்பது கையில் ஒன்றாக விழுவதில் வியப்பில்லை. செலவழிக்கும் ‘ஸ்பெண்ட்’, கடன் கொடுக்கும் ‘லெண்ட்’ எல்லாம் இதே குடும்பம். இவற்றை எழுதிப் பார்த்துத்தான் பழக வேண்டும், கேட்டுப் பழக முடியாது.

தமிழ் எல்லா இடத்திலும் கைகொடுக்கும் என்று சொல்லவில்லை. சில இடங்களில் குழியிலும் தள்ளும். ‘நேற்றே கடிதம் அனுப்பியிருந்தேன்’ என்று நாம் சாதாரணமாகச் சொல்வோம். அதில் ஒரு மரியாதையும் இருக்கிறது, ஒரு மெல்லிய குத்தலும் இருக்கிறது. அதை அப்படியே ‘ஐ ஹேட் செண்ட்’ என்று ஆங்கிலத்தில் இறக்குகிறோம். ஆங்கிலத்தில் அந்த ‘ஹேட்’ தனியாக வராது. கடந்துபோன இன்னொரு நிகழ்ச்சியைக் காட்டி, அதற்கும் முன்னால் இது நடந்தது என்று சொல்வதே அதன் வேலை. நேற்று அனுப்பியதைச் சொல்ல எளிய இறந்தகாலம் போதும். எங்கள் அலுவலகத்துக்கு வந்த கடிதங்களில் பாதி ‘ஹேட்’களை எடுத்தெறிந்திருக்கலாம்.

‘2019 முதல் இங்கே வேலை செய்கிறேன்’ என்பதும் அப்படித்தான். தமிழில் நிகழ்காலம் சரி. ஆங்கிலத்தில் ‘ஐ ஆம் ஒர்க்கிங்’ என்று எழுதினால் தவறு. அன்று தொடங்கி இன்றுவரை நீளும் வேலைக்கு ‘ஹேவ் பீன்’ வேண்டும். ஆனால் ‘எனக்குத் தெரியும்’ என்பதை ‘ஐ ஆம் நோயிங்’ என்று எழுதுகிறவர்களுக்குத் தமிழைச் சாக்குச் சொல்ல உரிமையில்லை. ‘எனக்குத் தெரிந்துகொண்டிருக்கிறது’ என்று நம்மில் யார் சொல்கிறோம்?

போகிற போக்கில் ஒன்று: பதில் எழுதுங்கள் என்பதற்கு ‘ப்ளீஸ் ரிவெர்ட்’ என்று போடும் பழக்கம் இந்த நாட்டு அலுவலகங்களில் ஊறிப்போய்விட்டது. அந்த வினைக்குப் பொருள் பழைய நிலைக்குத் திரும்புவது. முப்பது ஆண்டுகள் அதோடு சண்டை போட்டுத் தோற்றுவிட்டேன். அது கிடக்கட்டும்.

நான் ஆங்கிலவழியில் படித்த கடைசி அணிகளைச் சேர்ந்தவள். 1970இல் ஒன்றாம் வகுப்பில் தொடங்கி ஆண்டுக்கு ஒரு வகுப்பாகப் பயிற்றுமொழி மலாய்க்கு மாறியது. எங்கள் காலத்து ஆங்கிலமே ஆங்கிலம் என்று பெருமை பேசும் என் வயதுக்காரர்களோடு எனக்கு உடன்பாடில்லை. இதே பிழைகளை நாங்களும் செய்தோம். ஆசிரியரிடம் ரோத்தான் பிரம்பு இருந்தது, அவ்வளவுதான்.

தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்கு முக்காலமும் தெரியும். வருகிறான், வருகிறாள், வருகிறது, வருகிறார்கள் என்று ஆளுக்கேற்ப விகுதி மாற்றத் தெரியும். அதோடு ஒப்பிட்டால் ஆங்கில நிகழ்காலம் கேட்பது ஒரே ஒரு எஸ். இந்தச் செல்வத்தைக் கையில் வைத்துக்கொண்டு இடைநிலைப்பள்ளிக்குப் போகிறவர்கள், அங்கே போய் வினையின் நடுவில் நின்று காலம் காட்டும் இடைநிலையையே மறந்துவிடுகிறார்கள். தமிழாசிரியர் தன் வகுப்பில் இலக்கணம் நடத்துகிறார், ஆங்கில ஆசிரியர் தன் வகுப்பில் பயிற்சித்தாள் கொடுக்கிறார். இருவரும் ஒரே ஆசிரியர் அறையில் தேநீர் குடித்தும் இதைப் பற்றிப் பேசிக்கொள்வதில்லை. இத்தனைக்கும் 1816இல் பினாங்கு ஃப்ரீ ஸ்கூல் என்ற ஆங்கிலப் பள்ளிக்குள்தான் இந்நாட்டின் முதல் தமிழ் வகுப்பு தொடங்கியது என்று 2016இல் விழா எடுத்துக் கொண்டாடினோம்.

தங்கள் மாணவர் பகுதியில் வாரம் ஒரு வினை என்று சிறு கட்டம் ஒதுக்கினால் போதும். இடப்பக்கம் தமிழ், வலப்பக்கம் ஆங்கிலம். எழுதித் தர நான் தயார், சன்மானம் வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராணி,
ஜெலுத்தோங், பினாங்கு.

பின்குறிப்பு: தலைப்பிலும் கடிதத்திலும் உள்ள ‘வந்தவில்லை’யைத் தங்கள் மெய்ப்புப் பார்ப்பவர் ‘வரவில்லை’ என்று திருத்திவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.